இடது பின்பக்கம் பதினோரு மில்லிமீட்டர்

நான் ஒரு சந்தேகப் பிராணி. வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறது நல்லது. எங்க குடும்பமே அப்படித்தான். நெல்லை மூட்டை பிடிச்சா வீட்டுல ஒரு தடவை எடை போடுவோம், வண்டியில ஏத்தறப்ப இன்னொரு தடவை போடுவோம். காய்கறிக்காரர் கொத்தமல்லியைக் கொஞ்சம் தாராளமா போட்டுட்டா, வாங்கின கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். பூட்டின பூட்டை இழுத்துப் பார்த்துட்டு, நாலடி நடந்து, திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிற மனுஷனை என் பொண்டாட்டி கல்யாணத்துக்கு அப்புறம்தான் முதல் முதலா பார்த்தாளாம். இன்னிக்கும் யாராவது விருந்தாளி வந்தா இதைச் சொல்லிச் சிரிப்பா.

தஞ்சாவூருக்கு வெளியில ஒரு மோட்டார் பம்ப் கடை வச்சிருக்கேன். ஒரத்தநாட்டுப் பக்கம் ஊர்ல அஞ்சு ஏக்கர் நெல்லு. பொழுது இதுலயே சரியா போயிடும். அப்படி இருந்தவனுக்கு நாப்பத்தி ரெண்டு வயசுல கார் கிறுக்குப் பிடிச்சுது. சென்னைக்கு இந்தப் பக்கம் ஒரு ரேஸ் ட்ராக் இருக்கு. சில சனி ஞாயிறுல நம்ம சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்ட விடுவாங்க. போட்டி கீட்டி ஒண்ணும் கிடையாது. ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு மனசு போற வேகத்துக்கு ஓட்டலாம். எதிர்ல மாடு வராது, வைக்கோல் ஏத்தின ட்ராக்டர் வராது, ஹாரனே அடிக்க வேணாம். ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தவன், அதுக்குன்னே பழைய சின்ன கார் ஒண்ணு வாங்கிட்டேன்.

"உங்களுக்கென்ன பைத்தியமா?"ன்னு கேட்டா பொண்டாட்டி. ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் அவளே ஒரு நிபந்தனை போட்டா. "பாய் பார்த்துட்டு சரின்னு சொன்னா போங்க. அவரும் கூட வந்தா போங்க. இல்லைன்னா கடையைப் பார்த்துக்கிட்டு உட்காருங்க."

பாய் எங்க மெக்கானிக். கும்பகோணம் ரோட்டுல அய்யம்பேட்டை தாண்டி ஒர்க்‌ஷாப் வச்சிருக்கார். என்னைவிட ரெண்டு மூணு வயசு பெரியவர். வளைகுடாவுல பல வருஷம், மணல்லயும் ட்ராக்குலயும் ஓட்டற காருங்களைத் தயார் பண்ற இடத்துல வேலை பார்த்துட்டுத் திரும்பி வந்தவர். நான் சந்தேகப்படாத ஒரே ஆள் இந்த உலகத்துல அவர்தான். என் பொண்டாட்டி அரைக்கிற இட்லி மாவைக்கூட மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துட்டுத்தான் மூடுவேன். ஆனா ட்ராக்குல நூத்தி நாப்பதுல வளைவுக்குள்ள நுழையறப்ப, பாய் முறுக்கின நட்டைப் பத்தி ஒரு நொடிகூட நினைச்சதில்ல. அவர் சுவரோரம் நின்னு கையில ஸ்டாப்வாட்சை வச்சுக்கிட்டு என்னைப் பார்த்துக்கிட்டிருப்பார். அது போதும் எனக்கு.

முதல் தடவை ஓட்டினப்பவே கார் தன் லட்சணத்தைக் காட்டிடுச்சு. வளைவுல ஒரேயடியா சாஞ்சுது. பிரேக்கைத் தொட்டா மூக்கைத் தரையில கொண்டுபோய் வச்சுது. அஞ்சாவது ரவுண்டுல பின்பக்கம் துள்ள ஆரம்பிச்சுது. திரும்பி வர்ற வழியில ஒரு டீக்கடையில நிறுத்தி, நானும் பாயும் ஒரு கல்யாண நோட்டீஸுக்குப் பின்னாடி திட்டம் போட்டோம். நான் எடுத்ததும் ஸ்பிரிங்கை மாத்தணும், காரைத் தரையோட தரையா இறக்கணும்னு குதிச்சேன்.

"மாப்ள, பொறுங்க," ன்னார் பாய். "முதல்ல இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற ரப்பர் புஷ்ஷுங்க. பழசு எல்லாம் பூந்தி மாதிரி உதிர்ந்து கிடக்கும். அடுத்து ஷாக் அப்சார்பர். அப்புறம் வீல் அலைன்மென்ட். இதெல்லாம் ஆனப்புறம் ஓட்டிப் பாருங்க. ஸ்பிரிங் வேணுமா வேணாமான்னு கார் தானா சொல்லும். இப்ப எது இருக்குன்னு தெரியாம எதை மாத்தறது?"

எந்தக் கம்பெனி ஷாக்குன்னும் அவரே சொன்னார், சரின்னு தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து வச்சுக்கிட்டு ஒரு மாசம் வீடியோவா பார்த்தேன். அந்த ஷாக் நல்லதுன்னு ஒருத்தன் சொன்னா, இவனுக்குக் கம்பெனிக்காரன் சும்மா கொடுத்திருப்பான்னு தோணும். மோசம்னு சொன்னா, எதிர்க் கம்பெனிக்காரன் கொடுத்திருப்பான்னு தோணும். கடைசியில பாய் சொன்னதையே வரவழைச்சேன். பார்சல் வந்ததும் பெட்டியில ஒட்டியிருந்த டேப்பை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன், நடுவுல யாராவது பிரிச்சு ஒட்டியிருக்காங்களான்னு. பெட்டி மேல அச்சாகியிருந்த எழுத்தைக் கம்பெனி படத்தோட ஒப்பிட்டுப் பார்த்தேன். "பொண்ணு பார்க்க வந்தப்பகூட என்னை இப்படிப் பார்க்கலையே நீங்க"ன்னா பொண்டாட்டி.

பாயோட முறை என்னன்னா, எதையும் கழட்டறதுக்கு முன்னாடி கார் நாலு மூலையிலயும் எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு அளந்து எழுதி வைக்கணும். தரையிலேர்ந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும். அவர் ஒர்க்‌ஷாப்புல வச்சுத்தான் அளந்தோம். இடதும் வலதும் ஒரு மில்லிமீட்டர் முன்ன பின்ன, அவ்வளவுதான். நான் நோட்டுல எழுதிக்கிட்டேன். அப்புறம் ஒரு காரியம் பண்ணினேன். காரை அவர்கிட்ட விடறதுக்கு முந்தின நாள், சக்கரத்துக்கு உள்ளாற கையை விட்டு, நாலு ஸ்பிரிங்லயும் பொண்டாட்டியோட சிவப்பு நெயில் பாலிஷால ஒரு கோடு போட்டேன். பாய் மேல சந்தேகமான்னு கேட்டா, சத்தியமா இல்ல. கை சும்மா இருக்கல. பழக்கதோஷம்.

புஷ் மாத்தறதுக்குக் கார் மூணு நாள் அவர்கிட்ட இருந்துச்சு. ரெண்டாவது நாள் எட்டிப் பார்த்தேன். என் கார் பக்கத்துலயே, அதே மாடல்ல, டிரைவிங் ஸ்கூல் வண்டி ஒண்ணு நின்னுக்கிட்டிருந்துச்சு. பின்பக்கம் தொங்கிப்போய், நாலு பேரை ஏத்தின மாதிரி உட்கார்ந்திருந்துச்சு. என் காரோட பின் ஸ்பிரிங் ரெண்டும் கழட்டித் தரையில கிடந்துச்சு. அதோட பின் ஸ்பிரிங்கும் கழட்டித் தரையில கிடந்துச்சு. "எல்லாத்தையும் ஒரு தடவை கழுவிப் பார்த்துடறேன் மாப்ள, எங்கயாவது விரிசல் இருந்தா தெரியும்"னார். நல்லதுதான்னு வந்துட்டேன்.

காரை எடுத்துக்கிட்டு நேரா ஊருக்குப் போனேன். அறுவடை சமயம், பொண்டாட்டியும் அங்கதான் இருந்தா. வீட்டுக்குப் பின்னாடி சிமெண்டுக் களம். பாதிக் களத்துல நெல்லு காயுது, மீதி பாதியில இடம் பார்த்து காரைக் கொஞ்சம் குறுக்கா நிறுத்தினேன். களம் சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும், அளக்கறதுக்கு அதைவிட நல்ல இடம் எது? டேப்பை எடுத்துக் குனிஞ்சேன். இடது பின்பக்கம் பதினோரு மில்லிமீட்டர் குறைஞ்சிருந்துச்சு.

மறுபடியும் அளந்தேன். அதே பதினொண்ணு. காரை அசைச்சுவிட்டு அளந்தேன். டேப்பையே சந்தேகப்பட்டு மரவேலைக்காரர்கிட்ட இன்னொரு டேப் வாங்கி வந்து அளந்தேன். பதினொண்ணுதான். வலது முன்பக்கமும் குறைஞ்சிருந்துச்சு, மத்த ரெண்டு மூலையும் ஏறியிருந்துச்சு. நோட்டுல அதையும் நானே எழுதியிருக்கேன். ஆனா அதை யோசிக்கவே இல்ல. எனக்கு இடது பின்பக்கம் மட்டும்தான் கண்ணுல நின்னுச்சு.

சக்கரத்துக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நெயில் பாலிஷ் கோடு இல்ல.

அப்ப வந்துச்சு பாருங்க ஒரு எரிச்சல். அந்த டிரைவிங் ஸ்கூல் வண்டி. அதோட தொங்கிப்போன ஸ்பிரிங். என் ஸ்பிரிங் அதுக்குப் போயிடுச்சு, அதோட செத்த ஸ்பிரிங் எனக்கு வந்துடுச்சு. வேற என்ன? இத்தனை வருஷமா ஒரே ஒரு ஆளை நம்பினேன், அவரும் இப்படியான்னு நினைச்சப்ப அழுகையே வந்துடும் போல இருந்துச்சு. அதோட, சொல்ல வெட்கமா இருக்கு, அடியில எங்கயோ ஒரு திருப்தியும் இருந்துச்சு. பார்த்தியா, நான் நினைச்ச மாதிரிதானே உலகம் இருக்குன்னு.

"ஒரு போன் பண்ணிக் கேளுங்களேன்"னா பொண்டாட்டி. "அவர் அப்படிப்பட்டவரா?"

"கேட்டா உஷாராயிடுவார்," ன்னேன்.

மறுநாள் காலையில போனேன். ஒர்க்‌ஷாப்புல ரெண்டு பேர் நின்னுக்கிட்டிருந்தாங்க. ஒருத்தர் பக்கத்து ஸ்கூல் வாத்தியார், காரை சர்வீஸுக்கு விட்டிருந்தவர். இன்னொருத்தர் பாபநாசத்துக்காரர், சுற்றுலா வேன் ஓட்டறவர். மூணு பேரும் டீ குடிச்சுக்கிட்டிருந்தாங்க. பாய் என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்ள, டீ சொல்லட்டா?"ன்னார்.

"டீ எல்லாம் வேணாம். என் ஸ்பிரிங்கைக் கழட்டி எந்த வண்டியில மாட்டினீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

அவருக்குப் புரியல. சிரிச்சார். நான் நோட்டை நீட்டினேன். பதினோரு மில்லிமீட்டரைச் சொன்னேன். டிரைவிங் ஸ்கூல் வண்டியைச் சொன்னேன். நெயில் பாலிஷைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கிட்டே போச்சு. வாத்தியார் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு ரோட்டைப் பார்த்தார். வேன்காரர் நேரா என்னையே பார்த்தார், ஒரு வார்த்தை விடாம கேட்டார்.

பாய் துணியை எடுத்துக் கையைத் துடைச்சார். விரல் விரலா துடைச்சார். "அந்தக் கோட்டை நான் பார்த்தேன். தின்னர் போட்டுக் கழுவினப்ப போயிடுச்சு. சிரிச்சுக்கிட்டேன், உங்க குணம் தெரிஞ்சதுதானேன்னு," ன்னார். "இப்பவே கழட்டிப் பார்த்துடலாமா?"

அங்கயே நான் வாயை மூடியிருக்கணும். "நீங்களே மாட்டி, நீங்களே கழட்டி, நீங்களே காட்டுவீங்க. நான் கேட்டுக்கணும். திருட்டு வேலை பண்றவங்க எல்லாம் இப்படித்தான் பேசுவாங்க"ன்னுட்டேன்.

 அவர் நோட்டை என் கையில திருப்பி வச்சுட்டு, வேனோட பானெட்டைத் திறந்து உள்ள குனிஞ்சுட்டார். பெரிய வெற்றி கண்டவன் மாதிரி நான் காரைக் கிளப்பிக்கிட்டு வந்தேன். வழியெல்லாம் தனியா பேசிக்கிட்டே வந்தேன்.

நாலாம் நாள், ஞாயித்துக்கிழமை மத்தியானம், எதிர்பார்க்காம மழை. மாசி மாசத்துல நெல்லு காயறப்ப மழை வந்தா எப்படி இருக்கும்னு எங்க பக்கத்துல யாருக்கும் சொல்ல வேணாம். நானும் பொண்டாட்டியும் ஓடி ஓடி நெல்லை அள்ளிக் குவிச்சு, தார்ப்பாயைப் போட்டு, ஓரத்துல செங்கல்லை வச்சோம். அது முடிஞ்சு மோட்டார் கொட்டகைக்குள்ள ஒதுங்கி நின்னு மூச்சு வாங்கறப்ப, எதுக்கோ காரைப் பார்த்தேன். அன்னிக்கு அளந்த அதே இடத்துல, அதே மாதிரி குறுக்காத்தான் மறுபடியும் நிறுத்தியிருந்தேன்.

காருக்கு அடியில தண்ணி ரெண்டா பிரிஞ்சு ஓடுது. ஒரு பாதி வாய்க்கால் பக்கம், ஒரு பாதி வீட்டுப் பக்கம்.

ஐயோ! களத்துக்கு நடுவுல மேடு விட்டு, ரெண்டு பக்கமும் வாட்டம் கொடுத்துத்தான் கட்டுவாங்க. நெல்லு காயற இடத்துல சொட்டுத் தண்ணி நிக்கக்கூடாதே. ஜில்லா முழுக்க எல்லாக் களமும் அப்படித்தான். அதுவும் இந்தக் களத்தைக் கட்டினப்ப வாட்டம் பத்தலை, இன்னும் கொடுங்கன்னு கொத்தனார்கிட்ட மல்லுக்கு நின்னவனே நான்தான். அதுல காரைக் குறுக்கா நிறுத்தி, இடது பின் சக்கரமும் வலது முன் சக்கரமும் மேட்டுல, மத்த ரெண்டும் சரிவுலன்னு வச்சு, மேட்டுல நின்ன ஸ்பிரிங் பாரத்துல அமுங்கினது தெரியாம, ஒரு மனுஷனைத் திருடன்னு அளந்திருக்கேன். தண்ணி சமமா நின்னா வயல் சமம்னு சொல்ற ஊர்க்காரனுக்கு, தண்ணி நிக்காத இடம் சமமில்லன்னு தெரியல பாருங்க. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

மழை விட்டதும் காரை ரைஸ்மில் எடைமேடைக்கு ஓட்டிக்கிட்டுப் போனேன். அது சமமான இடம். கெஞ்சிக் கேட்டு அங்க நிறுத்தி அளந்தேன். இடதும் வலதும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். பழைய அளவேதான்.

இப்ப நான் என்ன பண்ணியிருக்கணும்? நேரா போய்க் காலைப் பிடிச்சிருக்கணும். போனேன். ஆனா போனவன், ஒர்க்‌ஷாப் வாசல்ல நின்னுக்கிட்டு, "பாய், அது ஒண்ணுமில்ல, களத்து வாட்டம்! அதான் அளவு மாறிப்போச்சு"ன்னு சிரிச்சேன். ஏதோ ரெண்டு பேரும் சேர்ந்து ஏமாந்த மாதிரி. தப்பு என்னோடதுன்னு ஒரு வார்த்தை வாயில வரல.

"சரிங்க," ன்னார் பாய். "ஷாக் மாட்டணும்ல. வியாழக்கிழமை கொண்டாங்க."

'மாப்ள'ங்கிற வார்த்தையைக் காணோம். அப்பாடா, சரியாயிடுச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

வியாழக்கிழமை போனேன். லிஃப்டுக்குப் பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார். "உட்கார்ந்து பாருங்க"ன்னார். பெட்டியை என் கையிலேயே கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். கழட்டின ஒவ்வொரு பழைய ஷாக்கையும், வாஷரையும், நட்டையும் செய்தித்தாள்ல வரிசையா வச்சார். கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, மாட்டினப்புறம் ஒரு போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பினார். ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் உருண்டு ஓடினதைக்கூடத் தேடி எடுத்து வச்சார். எல்லாத்தையும் ஒரு சாக்குல கட்டி டிக்கியில ஏத்தினார். "உங்க பழசு. ஒண்ணு விடாம இருக்கு."

இத்தனை வருஷமா ஒவ்வொரு கடையிலயும் நான் கேட்டுச் சண்டை போடற மரியாதை இதுதான். எல்லாம் கண்ணு முன்னாடி, எல்லாத்துக்கும் சாட்சி. அன்னிக்குக் கிடைச்சப்ப முள்ளு மேல உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு.

கடைசியா டார்க் ரெஞ்சை என்கிட்ட நீட்டினார். நட்டு சரியான இறுக்கத்துக்கு வந்ததும் 'டக்'குனு சத்தம் போடற ஸ்பேனர் அது. "நட்டெல்லாம் நீங்களே இறுக்குங்க. அப்பதான் உங்களுக்கு நிம்மதி." இறுக்கினேன். டக், டக்னு எல்லா நட்டும் சத்தம் போட்டுச்சு. அவர் கையைக் கட்டிக்கிட்டுத் தள்ளி நின்னார்.

"சனிக்கிழமை விடியக்காலை கிளம்பறோம்ல பாய்?"

"தங்கச்சி வீட்டுல விசேஷம். நீங்க போயிட்டு வாங்க."

பொண்டாட்டிகிட்ட, பாய் நேரா ட்ராக்குக்கு வந்துடறார்னு பொய் சொல்லிட்டுக் கிளம்பினேன்.

கார் அருமையா இருந்துச்சு. புது ஷாக்கு, புது புஷ்ஷு, நேர்ல விட்டா அம்பு. முதல் வளைவு வந்துச்சு. ஸ்டீயரிங்கைத் திருப்பறேன், திடீர்னு மனசுல ஒரு கேள்வி: இடது பின் சக்கரத்துல அஞ்சாவது நட்டை இறுக்கினேனா? கால் தானா ஆக்ஸிலேட்டரை விட்டுடுச்சு. இந்தக் காருக்குச் சக்கரத்துக்கு நாலு நட்டுதான்னு அடுத்த வளைவுலதான் ஞாபகம் வந்துச்சு. மெதுவா ஓரமா உருட்டி உள்ள வந்தேன். ஜாக்கி போட்டு எல்லாத்தையும் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாத்தான் இருந்துச்சு. மறுபடியும் போனேன். ஷாக்கோட மேல் நட்டு? ஒரே ரவுண்டு, திரும்பி வந்துட்டேன். மூணாவது தடவையும் அதே கதை. கொடி பிடிக்கிறவர் ஓடி வந்து, "வண்டியில என்ன சார் பிரச்னை?"ன்னார்.

வண்டியில ஒண்ணுமில்ல. என் கையை எனக்கு நம்ப முடியல. அவ்வளவுதான். சுவரோரம் பாய் நிக்கிற இடத்துல யாரோ ஒருத்தர் பப்ஸ் சாப்பிட்டுக்கிட்டிருந்தார். ஹெல்மெட்டைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, காருக்குள்ளயே உட்கார்ந்து போன் போட்டேன்.

"பாய், நான் உங்களைத் திருடன்னு சொன்னேன். தப்பு என் மேல. முழுக்க முழுக்க என் மேல. என்னை மன்னிச்சுடுங்க."

 பின்னாடி குழந்தைங்க விளையாடற சத்தம் மட்டும் கேட்டுச்சு. விசேஷம் நிஜம்தான் போலிருக்குன்னு அந்த நேரத்துலயும் நினைச்சேன் பாருங்க.

"நீங்க இப்ப சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு," ன்னார். "அன்னிக்குச் சொன்னது மூணு பேருக்குக் கேட்டுச்சு."

போனை வச்சுட்டார். கோபமா இல்ல. மெதுவாத்தான் வச்சார்.

திங்கக்கிழமை கடையைத் திறக்காம முதல்ல வாத்தியார் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும், "நான் அன்னிக்கே நம்பலை, விடுங்க. ஆனா கூப்பிட்டா வரேன்"னார். அப்புறம் பாபநாசம் போய் வேன்காரரைப் பிடிச்சேன். அவர் நான் சொல்றதையெல்லாம் கேட்டுட்டு ரொம்ப நேரம் தாடையைச் சொறிஞ்சார்.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? அன்னிக்கு நீங்க நோட்டு, அளவு, அடையாளம்னு அத்தனை சொன்னீங்களே. படிச்சவர், சும்மாவா சொல்வார்னு நான் மறு வாரமே வேனை வேற இடத்துக்கு மாத்திட்டேன்."

"மறுபடியும் பாய்கிட்டயே விடுங்க. நான் சொன்னது பொய்."

"நான் விடறேன், அது பெரிசில்ல. எங்க சம்பந்தி திருவிடைமருதூர்ல கல்யாணத்துக்குக் கார் விடறார். வருஷக்கணக்கா பாய்கிட்டதான் வேலை. அவர்கிட்டயும் சொல்லிட்டேனே. அவர் யார் யார்கிட்ட சொன்னாரோ."

புதன்கிழமை சாயங்காலம் ஒர்க்‌ஷாப்புல அந்த ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு சொன்னேன். களத்துல அளந்ததைச் சொன்னேன், நெயில் பாலிஷ் எப்படிப் போச்சுன்னு சொன்னேன், பாய் ஒரு குண்டூசிகூட எடுக்கலைன்னு சொன்னேன். முழுசா சொன்னேன். பாய் கேட்டுக்கிட்டார். "சரி, டீ சாப்பிடுங்க"ன்னு மூணு பேருக்கும் டீ வரவழைச்சார். நான் பக்கத்துல பார்த்தேன். போன மாசம் வரைக்கும் நாலு வண்டி நின்ன இடத்துல வாத்தியாரோட கார் மட்டும்தான் நின்னுச்சு. கேட்க எனக்குத் தைரியம் வரல. 

அந்த ஞாயித்துக்கிழமை ட்ராக்குக்குப் பேர் கொடுத்திருந்தேன். போகல. அதே காரை எடுத்துக்கிட்டு திருவிடைமருதூருக்குப் போனேன். கோயில் தேரோடற வீதியில விசாரிச்சு, அந்தக் கல்யாணக் கார்க்காரர் வீட்டைக் கண்டுபிடிச்சேன். வாசல்ல வெள்ளைக் காரைத் துடைச்சுக்கிட்டிருந்தார். அறுபது வயசு இருக்கும்.

"உங்களுக்கு என்னைத் தெரியாதுங்க, தஞ்சாவூர்லேர்ந்து வரேன். அய்யம்பேட்டை பாய் ஸ்பிரிங்கை மாத்திட்டார்னு ஒருத்தன் சொன்னதா நீங்க கேள்விப்பட்டிருப்பீங்களே. அந்த ஆள் நான்தான். அது பொய்யுங்க. நான்தான் தப்பா அளந்துட்டேன். அவர் தங்கமான மனுஷன். நீங்க பழையபடி அவர்கிட்டயே வண்டியை விடணும்."

அவர் துணியை உதறினார். என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்தார். அப்புறம் என் காரைச் சுத்தி வந்தார், குனிஞ்சு சக்கரத்துக்குள்ள பார்த்தார்.

"இது புது ஷாக் மாதிரி இருக்கே. யார் மாட்டினது?"

"பாய்தாங்க."

"ஓஹோ." நிமிர்ந்தார். சிரிச்சார், எனக்கு ரொம்பப் பழக்கமான சிரிப்பு. "இதைச் சொல்றதுக்குத் தஞ்சாவூர்லேர்ந்து இவ்வளவு தூரம், ஞாயித்துக்கிழமை அதுவுமா, வேலை மெனக்கெட்டு வந்திருக்கீங்க. மாட்டின கூலியை வேணாம்னுட்டாரா அவரு? இல்ல, வேற ஏதாவது தரேன்னாரா?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"சும்மா ஒருத்தன் வருவானா சார்?"

 அவர் இடத்துல நான் இருந்திருந்தா, நானும் இதையேதான் கேட்டிருப்பேன்.